எந்தத் தண்ணீரில் இறங்கினாய்?

தான்சானியாவின் வடமேற்கே, விக்டோரியா ஏரியின் தென்கரையில் முவான்சா என்ற நகரம் இருக்கிறது. ஏரிக்குள்ளும் கரையிலும் பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் ஊர். அங்கிருந்து கரையோரமாகவே போனால் வரும் மீனவர் கிராமம் ஒன்றில், சிறிய மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். மலம், சிறுநீர், இரத்தம் மூன்றையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

விக்டோரியா ஏரியைப் பார்த்தவர்களுக்கு அதை ஏரி என்று சொல்ல வாய் வராது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. இலங்கைத் தீவை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். நான் தாமிரபரணியில் நீந்தப் பழகியவன். ஆற்றைக் கண்டால் துண்டை எடுத்துக்கொண்டு இறங்குவது எங்கள் ஊர்ப் பழக்கம். போன புதிதில் ஒரு மாலை கரைக்குக் கிளம்பியபோது எங்கள் மூத்த செவிலி வழி மறித்தார். சுகுமா இனத்துப் பெண்மணி, பேச்சில் அதட்டலும் அன்பும் சேர்ந்தே இருக்கும். "இந்தத் தண்ணீரில் காலைக்கூட நனைக்காதே. உனக்குக் குளிக்கக் குழாய்த் தண்ணீர் இருக்கிறது. இங்கே இருப்பவர்களுக்கு அது இல்லை, அதனால் இறங்குகிறார்கள்" என்றார். அந்த ஏரியில் நான் ஒருநாளும் இறங்கவில்லை. ஆனால் இறங்கியே ஆகவேண்டியவர்களின் உடம்பில் அந்தத் தண்ணீர் என்ன செய்தது என்பதைத்தான் தினமும் கண்ணாடிச் சில்லில் பார்த்தேன்.

சுவாஹிலியில் கிச்சோச்சோ என்கிறார்கள். மருத்துவ நூல்களில் சிஸ்டோசோமியாசிஸ். 1851-இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் இறந்த ஒருவரின் உடலைக் கூறாய்ந்தபோது இரத்தக் குழாய்க்குள் இந்தத் தட்டைப்புழுவைக் கண்டுபிடித்தார். அதனால் பில்ஹார்சியா என்ற பெயரும் நிலைத்துவிட்டது. நோய் அதற்கும் மிக முந்தியது. எகிப்தின் பழைய மம்மிகளின் சிறுநீரகத்தில் இதே புழுவின் முட்டைகளை மார்க் அர்மாண்ட் ரஃபர் 1910-இல் எடுத்துக் காட்டினார். இன்று சிகிச்சை தேவைப்படுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறார்கள்.

நோய் எப்படி வருகிறது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது ஒரு காலை நேரத்தில். முழங்கை வரை கையுறையும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, நீண்ட கைப்பிடி வைத்த சல்லடைக் கரண்டியால் கோரைப்புல் அடியில் அலசினோம். தட்டையாகச் சுருண்ட, சுண்டுவிரல் நகமளவு நத்தைகள் கிடைத்தன. சுத்தமான நீர் ஊற்றிய கண்ணாடிக் குப்பிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு வெயிலில் வைத்தோம். வெளிச்சமும் சூடும் ஏற ஏற, சில குப்பிகளின் நீர் லேசாகக் கலங்கியது. லென்ஸை வைத்துப் பார்த்தால் வால் பிளந்த பொடிப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை. உச்சி வெயிலில், மக்கள் துணி துவைக்கவும் குளிக்கவும் இறங்கும் அதே நேரத்தில், நத்தையிலிருந்து இவை கூட்டமாக வெளியேறுகின்றன. மனிதத் தோல் பட்டால் சில நிமிடங்களில் துளைத்து உள்ளே போய்விடும். வால் வெளியே உதிர்ந்துவிடும். நுரையீரல் வழியாகக் கல்லீரலுக்குப் போய் அங்கே வளர்ந்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து, குடலைச் சுற்றிய சிரைகளிலோ சிறுநீர்ப்பையைச் சுற்றிய சிரைகளிலோ குடியேறும். ஆண் புழுவின் உடலில் நெடுக ஒரு பள்ளம் உண்டு. பெண் புழு வாழ்நாளில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்துக்குள்ளேயே கிடந்து, நாள்தோறும் முட்டையிடும். இந்த வாழ்வு சாதாரணமாக மூன்று முதல் பத்து ஆண்டு, சிலரிடம் அதற்கும் மேல். முட்டை மலத்திலோ சிறுநீரிலோ வெளியேறித் தண்ணீரில் விழுந்தால் பொரிந்து, சில மணி நேரத்துக்குள் நத்தையைத் தேடிப் பிடிக்கும். நத்தைக்குள் அது ஆயிரக்கணக்காகப் பெருகி மறுபடி தண்ணீருக்கு வரும். மனிதன், நத்தை, தண்ணீர் மூன்றில் ஒன்று விடுபட்டாலும் இந்தச் சுற்று அறுந்துவிடும்.

ஏரிக்கரையில் குடலைப் பிடிக்கும் வகை. உள்நாட்டுக் குளங்களிலும் நெல்வயல்களிலும் சிறுநீர்ப்பையைப் பிடிக்கும் வகை. இரண்டாவதைத் தேடி உள்நாட்டுப் பள்ளி ஒன்றுக்குப் போனோம். முட்டை நண்பகலையொட்டித்தான் அதிகம் வெளியேறும் என்பதால் பத்து மணிக்கு மேல், இரண்டு மணிக்குள் சிறுநீர் வாங்கவேண்டும். கொஞ்சம் ஓடிக் குதித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, ஆளுக்கொரு டப்பா கொடுத்தோம். திரும்பி வந்த டப்பாக்களை வரிசையாக வைத்தபோது பல பழுப்பாகவும், சில தேநீர்ச் சிவப்பாகவும் இருந்தன. கொண்டுவந்த பையன்கள் முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. ஒருவனிடம் எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். "பெரிய பையன் ஆனால் எல்லோருக்கும் இப்படித்தான் போகும்" என்றான். பக்கத்தில் நின்ற ஆசிரியரும் சின்ன வயதில் தனக்கும் அப்படித்தான் இருந்தது என்றார்.

அந்த நோயை அடையாளம் காண்பதில் இருக்கும் முதல் கஷ்டம் இதுதான். ஒரு ஊரில் எல்லாப் பையன்களுக்கும் இரத்தம் கலந்து சிறுநீர் போனால், அது நோய் என்று யாருக்கும் தோன்றாது. வயதுக்கு வருவதன் ஒரு பகுதியாகிவிடும். சொல்லவேண்டிய புகார் என்றே அதை நினைக்காததால் யாரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. நாம்தான் போய்க் கேட்கவேண்டும்.

பத்து மில்லி சிறுநீரை ஊசிக்குழலில் எடுத்து மெல்லிய வடிகட்டித் தாள் வழியே அழுத்தி, அந்தத் தாளை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால் முட்டைகள் தெரியும். நீள்வட்டமாக, ஒரு நுனியில் கூரான முள்ளோடு இருக்கும். குடல் வகை முட்டைக்கு முள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே எந்தப் புழு என்று சொல்லிவிடலாம். அன்று ஒரு முட்டைக்குள் குஞ்சு அசைவதைக் கண்டேன். ஆசிரியரையும் மூத்த மாணவர்களையும் கூப்பிட்டு ஒவ்வொருவராகப் பார்க்கவைத்தேன். அந்தப் பையனும் பார்த்தான். "இது என் வயிற்றுக்குள்ளா இருக்கிறது?" என்று கேட்டான். ஆமாம் என்றதும், "அப்படியானால் மருந்து கொடுங்கள்" என்றான். அதுவரை எங்கள் சுவரொட்டிகள் செய்யாததை ஒரு முட்டை செய்தது.

ஏரிக்கரைக் கிராமங்களில் வேலை வேறு மாதிரி. அங்கே சிவப்பாக எதுவும் தெரியாது. வயிற்று வலி, அவ்வப்போது பேதி, சோர்வு, வகுப்பில் தூங்கிவிழும் பிள்ளை என்று ஆயிரம் காரணங்களுக்குப் பொருந்தும் அறிகுறிகள்தான். மலத்தை வலையில் சலித்து, துளையிட்ட அட்டையால் 41.7 மில்லிகிராம் அளந்து ஸ்லைடில் வைத்து, கிளிசரினில் ஊறிய பச்சை செலஃபேன் தாளால் மூடி அழுத்துவோம். கட்டோ-காட்ஸ் முறை என்று பெயர். கொஞ்ச நேரத்தில் மற்றவை கண்ணாடி போல் தெளிந்து முட்டை மட்டும் துலங்கும். எண்ணி வந்த தொகையை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை என்று கிடைக்கும். நூறுக்குக் கீழே இருந்தால் லேசான தொற்று. நானூறும் அதற்கு மேலும் கடுமையானது. நாள் முழுக்க எண்ணிவிட்டுக் கண்ணை மூடினால் இமைக்குள்ளும் முட்டைகள் மிதக்கும்.

ஏன் எண்ணவேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த நோயில் ஆளைக் கெடுப்பது பெரும்பாலும் புழு அல்ல, முட்டை. போடும் முட்டைகளில் ஏறக்குறைய பாதி வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும். இரத்தத்தோடு அடித்துச் செல்லப்பட்டுக் கல்லீரலில் சிக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி உடம்பு ஒரு வேலி கட்டும். ஆண்டுக்கணக்கில் கட்டிய வேலிகள் தழும்பாக இறுகிக் கல்லீரலுக்குள் போகும் இரத்தத்தை மறிக்கும். மண்ணீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து ஒருநாள் வெடிக்கும். சிறுநீர் வகையில் இதே தழும்பு சிறுநீர்ப்பையில் விழும். அங்கே புற்றுநோய் வரவும் அது காரணமாகிறது.

இரவில் விளக்கு வைத்து டகா என்ற பொடிமீன் பிடிக்கும் மீனவர் ஒருவர் எங்களிடம் வந்தார். நாற்பதைத் தாண்டாத வயது. வயிறு உப்பி, கைகால்கள் குச்சியாகி, இரண்டு முறை இரத்த வாந்தி எடுத்திருந்தார். மதுதான் காரணம் என்று ஊரில் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் வாழ்நாளில் குடித்ததே இல்லை என்று அவர் மனைவி அழுதபடி சொன்னார். மலத்தில் முட்டைகள் இருந்தன. ஸ்கேனில் கல்லீரலின் குழாய்களைச் சுற்றித் தழும்பு தெரிந்தது. மாத்திரை கொடுத்தோம், புழு செத்திருக்கும். ஆனால் தழும்பை மாத்திரை கரைக்காது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். சில மாதம் கழித்து அவருடைய படகை வேறொருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையாக இருக்கும்போது யாராவது ஒருவர் அவருடைய மலத்தைப் பரிசோதித்திருந்தால் போதும், அந்த மனிதர் இருந்திருப்பார். நேரத்தோடு கண்டுபிடிப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தவர் அவர்.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். நெல்வயலில் நடவு வேலை செய்யும் இளம்பெண். அடிவயிற்று வலி, இரத்தம் கலந்த வெள்ளைப்படுதல். பால்வினை நோய் என்று பல தடவை மருந்து கொடுத்தும் குணமாகவில்லை. கணவன் வீட்டில் அவள் நடத்தையைப் பற்றிப் பேச்சு எழுந்து, தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் செவிலி கேட்ட கேள்விகள் எளியவை. எந்த வயதிலிருந்து வயலில் இறங்குகிறாய்? குளத்தில் யார் தண்ணீர் எடுப்பது? சின்ன வயதில் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறதா? சிறுநீரை வடிகட்டியதும் நுனிமுள் முட்டைகள் தெரிந்தன. இந்தப் புழுவின் முட்டைகள் பெண்களின் கருப்பை வாயிலும் பிறப்புறுப்பிலும் தங்கிப் புண்ணாக்கும். எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பையும் குழந்தையின்மையையும் அது கூட்டலாம். செவிலி அந்தப் பெண்ணின் மாமியாரை வரச்சொல்லி, மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்து, "உன் மருமகளுக்கு இதைக் கொடுத்தது எந்த ஆணும் இல்லை, உங்கள் குளம்" என்றார். ஆய்வுக்கூட வேலைக்கு இவ்வளவு மரியாதை உண்டென்று அன்றைக்குப்போல் நான் உணர்ந்ததில்லை.

மருந்து இருக்கிறது. எளிய மருந்து. 1970-களில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட பிராசிகுவாண்டெல். அதற்கு முன்னால் நெடுங்காலம் ஆண்டிமனி கலந்த ஊசிதான். வாந்தியும் இதயப் படபடப்பும் தரும் அந்த ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளவேண்டும். இப்போது உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே நாளில் முடிந்துவிடும். பள்ளிகளில் எடை பார்க்கும் கருவிகூட வேண்டாம். கோடுகள் போட்ட உயரக் கோல் ஒன்றைச் சுவரில் சாய்த்து, பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்தினால் எத்தனை மாத்திரை என்று கோலே சொல்லும். மாத்திரை பெரியது, கடும் கசப்பு. வெறும் வயிற்றில் கொடுத்தால் தலைசுற்றி வாந்தி எடுப்பார்கள். அதனால் முதலில் கஞ்சியோ, உகாலி என்ற மக்காச்சோளக் களியோ சாப்பிடவைத்துத்தான் கொடுப்போம். புழு அதிகம் உள்ள பிள்ளைக்குப் புழு சாகும்போது வயிற்று வலியும் அதிகம். அதைப் பார்த்துவிட்டு, மருந்துதான் நோயைக் கொடுத்தது என்று ஒரு கிராமத்தில் பேச்சு பரவியது. மறுமுறை போனபோது தாய்மார்களை முன்கூட்டியே கூட்டி, வலி வரும், மாலைக்குள் போய்விடும், வலித்தால் புழு இருந்தது என்று அர்த்தம் என்று செவிலி விளக்கினார். அதற்குப் பிறகு யாரும் பிள்ளைகளை ஒளித்துவைக்கவில்லை.

மனதை உறுத்தியது கைக்குழந்தைகள் விஷயம். பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகளுக்கு மருந்து வந்தது. இடுப்பிலிருந்த குழந்தைக்கு வரவில்லை. ஆனால் அந்தக் குழந்தையை அதே ஏரித் தண்ணீர் நிரப்பிய வாளியில்தான் குளிப்பாட்டினார்கள். கரையில் மீனை அலசும்போது தாயோடு குழந்தையும் தண்ணீரில் நின்றது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு வயதிலிருந்தே மருந்து கொடுக்கச் சொன்னது. சின்னக் குழந்தைகளுக்காக, தண்ணீரில் கரையும் தனி மாத்திரையும் இப்போது வந்துவிட்டது. படித்தபோது அந்தத் தாய்மார்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

பல ஆண்டுகள் கழித்து, நான் ஊர் திரும்பியபிறகு, இந்த நோய் என் வீட்டுத் தொலைபேசியில் வந்தது. அண்ணன் மகன் உகாண்டாவில் கம்பாலாவில் கணினி வேலையில் இருந்துவிட்டுக் கோயம்புத்தூர் வந்திருந்தான். "சித்தப்பா, ரெண்டு வாரமா காய்ச்சல் விட்டு விட்டு வருது. ராத்திரியெல்லாம் வறட்டு இருமல். உடம்பு பூரா தடிப்பு. டெங்கு இல்லேங்கறாங்க, மலேரியா இல்லேங்கறாங்க, டைபாய்டும் இல்லையாம்." இரத்த அறிக்கையைப் படிக்கச் சொன்னேன். புழுத் தொற்றில் ஏறும் ஈசினோபில் என்ற வெள்ளணு நூற்றுக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. "அங்கே எந்தத் தண்ணீலடா இறங்கின?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "கடைசி மாசம் ஜிஞ்சாவுக்கு நைல் நதில ரப்பர் படகு ஓட்டப் போனோம் சித்தப்பா. கவிழ்ந்து எல்லாரும் குளிச்சிட்டுத்தான் வந்தோம்."

புழு உள்ளே போய்ச் சில வாரங்களில், முட்டையிடத் தொடங்கும் சமயத்தில், பழக்கமில்லாத உடம்பு இப்படிக் கொந்தளிக்கும். கட்டயாமா காய்ச்சல் என்று பெயர். ஆரம்பத்தில் மலத்தைப் பார்த்தால் முட்டை கிடைக்காது. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடவேண்டும். பிராசிகுவாண்டெல் முதிர்ந்த புழுவைத்தான் கொல்லும், இளம்புழுவைத் தொடாது. அதனால் முதலில் ஸ்டீராய்டு கொடுத்துக் கொந்தளிப்பை அடக்கி, பிறகு பிராசிகுவாண்டெல் கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி கொடுக்கவேண்டும். அவனைப் பார்த்த மருத்துவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். பையன் தேறிவிட்டான். முதலில் நம் ஊர்க் காய்ச்சல்களைத் தேடியது இயல்புதான். ஆனால் இன்று நம் பிள்ளைகள் தான்சானியா, உகாண்டா, மலாவி என்று வேலைக்குப் போகிறார்கள். ஈசினோபில் ஏறிய காய்ச்சலோடு வருகிறவரிடம் பயணத்தையும் தண்ணீரையும் கேட்பது நம் மருத்துவர்களுக்கும் பழக்கமாகவேண்டும். காய்ச்சலே வராமல் சும்மா இருப்பவர்களும், இறங்கியது உண்மையானால், மூன்று மாதம் கழித்து ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இது முழுக்க வேற்று நாட்டு நோய் என்றும் தள்ளமுடியாது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற கிராமத்தில் 1950-களில் சிறுநீர் வகை நோய் இருப்பதைக் கண்டறிந்தார்கள். இதே புழுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று நம் தமிழ்நாட்டு மாடுகளின் மூக்குச் சிரைகளில் குடியேறும். மூக்கினுள் சதை வளர்ந்து, மாடு மூச்சுவிடும்போது குறட்டை போலச் சத்தம் வரும். நம் குளத்து நத்தைதான் அதற்கும் வழி. மனிதரைப் பிடிக்கும் வகை நம் குளங்களில் நிலைகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காய்ச்சலுக்குப் பெயர் தந்த கட்டயாமா, ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் ஒரு பகுதி. 1847-இல் ஃபுஜி என்ற மருத்துவர், அங்கே வயல்நீரில் இறங்கும் மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் காலில் தடிப்பு வருவதையும், பிறகு வயிறு வீங்கிச் சாவதையும் எழுதிவைத்தார். புழுவை அவர் பார்க்கவில்லை. தண்ணீரைச் சந்தேகித்தார். 1904-இல் கட்சுராடா புழுவைக் கண்டார். 1913-இல் மியாயிரியும் சுசுகியும் நத்தையைக் கண்டார்கள். அதன்பின் ஜப்பானியர்கள் மருந்தை மட்டும் நம்பி உட்காரவில்லை. யமானாஷி மாகாணத்தில் வாய்க்கால் வாய்க்காலாகச் சிமென்ட் பூசி, நத்தை தங்க இடமில்லாமல் செய்தார்கள். 1996-இல் நோய் ஒழிந்தது என்று அங்கே அறிவித்தார்கள்.

விக்டோரியா ஏரிக்கு யாரும் சிமென்ட் பூசமுடியாது. ஆனால் ஏரிக்கும் மனிதருக்கும் நடுவே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நாங்கள் மாத்திரை கொடுத்த பிள்ளைகளை அடுத்த ஆண்டு பரிசோதித்தபோது பலருக்கு மறுபடி முட்டை இருந்தது. மருந்து தோற்கவில்லை. மாத்திரை விழுங்கிய அதே மாலை அவர்கள் குடத்தோடு ஏரிக்குப் போனார்கள், போகாமல் இருக்க வழியில்லை. ஆண்டுதோறும் மாத்திரை கொடுப்பது கட்டாயம் வேண்டும், அது மீனவருக்கு நேர்ந்த முடிவிலிருந்து இந்தப் பிள்ளைகளைக் காக்கும். ஆனால் அது பாதி வைத்தியம். ஊருக்குள் ஆழ்துளைக் கிணறு, துணி துவைக்கக் கரைக்கு மேலே ஒரு கல்மேடை, வீட்டுக்கொரு கழிப்பறை, படகுத்துறையில் மீனவர்களுக்கென்று ஒரு கழிப்பறை. மீதி வைத்தியம் இவைதான். இவற்றுக்கு ஆராய்ச்சி எதுவும் பாக்கியில்லை, பணமும் மனமும்தான் பாக்கி.